ஊரின் நடுவிடத்தைத் தனியாரிடம் கட்டக் கொடுக்கும்போது: கேட்கும் முறையும் எடைபோடும் முறையும்

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டி என ஊரின் நடுப்பகுதியில் நெருக்கடி கூடிக்கொண்டே போகிறது. நாளைக்கு மாநகராட்சி தன் பழைய கடைகளை இடித்துவிட்டு, அந்த இடத்தை நீண்ட குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்து வணிக வளாகம் கட்டச் சொல்ல நினைத்தால், அதற்கான திட்டங்களை எப்படிக் கேட்பார்கள், வருவனவற்றை எப்படி எடைபோடுவார்கள்? அதிக வாடகை தருகிறவருக்குக் கொடுப்பதுதானே முறை?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதிகத் தொகை எழுதியவருக்குக் கொடுப்பதும் ஒரு முறைதான். சைக்கிள் நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பறை, சந்தைச் சுங்கம் போன்ற சிறு குத்தகைகளுக்கு அது போதும். ஊரின் நடுவிடத்தை 30 ஆண்டுகளுக்கு ஒருவர் கையில் ஒப்படைத்து, அவர் கட்டி, நடத்தி, கடைசியில் நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு அது போதாது. இத்தகைய ஆவணங்களை நகராட்சிகளுக்காக எழுதியும், பிறர் எழுதியவற்றைத் திருத்தியும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இதுதான்: வருகிற திட்டங்களின் தரம் பெரும்பாலும் நாம் கேட்ட விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அறிவிப்பு மங்கலாக இருந்தால் நல்ல நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மங்கலைப் பின்னால் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்தான் உறை போடுவார், அதாவது மூடிய உறையில் தன் கேட்பை எழுதித் தருவார். ஆகவே உறை பிரிக்கும் நாளைக் காட்டிலும், அறிவிப்பு வெளியாவதற்கு முந்திய மாதங்களைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வேலை நிலம். 1928 முதல் நகராட்சியாக இருந்து 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஊரில், நடுப்பகுதி நிலம் ஒரே கையில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு துண்டு மாநகராட்சியுடையது, பக்கத்துத் துண்டு கோயிலுடையது, அடுத்தது ஓர் அறக்கட்டளையுடையது, அதற்கும் அடுத்தது ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்ப் பொருள் ஈட்டிய ஒருவர் கட்டிய வீடாக இருந்து இன்று பேரன் பேத்திகள் நாற்பது பேரின் பொதுச்சொத்தாக நிற்பது என்று செட்டிநாட்டில் எந்த ஊரிலும் காணலாம். கோயில் நிலம் குறுக்கிட்டால் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு முன்னே வந்து நிற்கும்; 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் முன் அனுமதி இல்லையென்றால் அந்தக் குத்தகை செல்லாது. நகர நில அளவைப் பதிவேட்டிலோ பழைய கிராமத்து ஏ பதிவேட்டிலோ அந்த இடம் ஊருணி என்றோ வரத்துக்கால் என்றோ பதிவாகியிருந்தால், மேலே எத்தனை ஆண்டாகக் கட்டடம் நின்றாலும் அந்தத் துண்டைத் திட்டத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. மழைநீர் வீட்டுக் கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி வகுக்கப்பட்ட ஊர்கள் இவை. அந்த வரத்தின் குறுக்கே நிலத்தடி வாகன நிறுத்தம் தோண்டினால், ஐப்பசி மழையில் அதுவே ஊருணியாகிவிடும்.

நிலக் கணக்கு முடியாமல் அறிவிப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதி மறுசீரமைப்பு பெரிய உதாரணம். 2018இல் அழைத்த ஒப்பந்தப்புள்ளியில் 7,200 கோடி ரூபாய் வரை கேட்பு வந்தது. பிறகு ரயில்வே நிலமும் திட்டத்தில் சேர்வதைக் காரணம் காட்டி அது கைவிடப்பட்டது. 2022இல் மாற்றிய நிபந்தனைகளோடு மறுபடி அழைத்தபோது வென்ற தொகை 5,069 கோடி. முன்பு முதலிடத்தில் இருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பேசுவது அரசியல் மேடைக்கு எளிது. நிபந்தனைகள் வேறு வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான். திட்டத்தின் எல்லைக்கோடு மாறினால் அதுவரை நடந்த மதிப்பீடு முழுவதும் வீணாகிவிடும், இடைப்பட்ட ஆண்டுகளும் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது வேலை, அங்கே ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருப்பவர்கள். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், இடிக்கப் போகும் கடைகளைக் கணக்கெடுக்க டேப்போடு நானும் வருவாய்ப் பிரிவு எழுத்தர் ஒருவரும் காலை ஏழு மணிக்குப் போனோம். நகராட்சிப் பதிவேட்டில் உரிமைதாரர் என்று ஒரு பெயர் இருந்தது. பெயர்ப்பலகையில் இன்னொரு பெயர். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மூன்றாமவர். மூன்றாமவர் இரண்டாமவருக்கு நாள் வாடகை கொடுக்கிறார், இரண்டாமவர் முதலாமவரின் மகனுக்கு மாத வாடகை அனுப்புகிறார், முதலாமவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அவர் பெயரில்தான் நகராட்சிக்குப் பழைய வாடகை போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் தார்ப்பாய் கட்டி வெற்றிலை விற்ற அம்மாள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. "எழுதிக்கிறீகளே, யாருக்குக் கடை தருவீக?" என்று அவர் கேட்டார். எழுத்தர் என்னைப் பார்த்தார், நான் டேப்பைச் சுருட்டினேன். அந்த ஊரின் அறிவிப்பு, 'தற்போதைய கடைக்காரர்களுக்குத் தகுந்த மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு வெளியானது. தகுந்த என்றால் எவ்வளவு, யாருக்கு, எந்த வாடகையில் என்று எழுதவில்லை. வந்த திட்டங்கள் ஒவ்வொன்றும் அந்த வரிக்கு ஒரு பொருள் கொண்டன; ஒன்றையொன்று ஒப்பிடவே முடியவில்லை. கடைசியில் கடைக்காரர் சங்கம் நீதிமன்றத்தில் தடை வாங்கியது, எல்லாம் நின்றுபோனது.

ஆகவே பெயர், அளவு, தொழில், உரிமையின் தன்மை ஆகியவற்றோடு கூடிய பட்டியல் அறிவிப்பின் இணைப்பாகவே இருக்க வேண்டும். கட்டுமானக் காலத்தில் தற்காலிகக் கடை எங்கே, திரும்பி வரும்போது எந்தத் தளத்தில் எத்தனை சதுர அடி, முதல் சில ஆண்டுகளுக்கு என்ன வாடகை என்பதை மாநகராட்சியே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். எல்லோரும் ஒரே சுமையைச் சுமந்துகொண்டு ஓடினால்தான் ஓட்டப்பந்தயம் நியாயமானது. தெருவோர வியாபாரிகளைப் பொறுத்தவரை 2014ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தனியே ஒரு நகர விற்பனைக் குழுவை அமைத்திருக்கிறது. அந்தக் குழுவைக் கேட்காமல் அவர்களை அப்புறப்படுத்தும் பொறுப்பைக் கட்டுமான நிறுவனத்தின் தலையில் கட்டுவது, வம்பைக் கைமாற்றிவிடுவதே. மும்பை பெண்டி பஜாரில் 2009இல் ஓர் அறக்கட்டளை தொடங்கிய 16.5 ஏக்கர் மறுசீரமைப்பைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களை முதலில் தற்காலிக இடங்களுக்கு மாற்றிவிட்டுத்தான் இடிக்கத் தொடங்கினார்கள். வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் அந்த வரிசையை மாற்றியிருந்தால் நகர்ந்தே இருக்காது.

மூன்றாவது, ஊருக்கு என்ன வேண்டும் என்பது. பல அறிவிப்புகளில் 'உலகத்தரம் வாய்ந்த நவீன வணிக வளாகம்' என்று மட்டுமே இருக்கும். இதைப் படிக்கிற கட்டடக் கலைஞர் கண்ணாடி முகப்பு வரைந்து அனுப்புவார், வேறென்ன செய்வார்? பங்குனி வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் காரைக்குடியில் என்ன பாடுபடுத்தும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த நாம் எழுதவில்லையே. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. அதற்காக வளாகத்தின் வாசலில் சிமெண்டில் நாலு தூண் வார்த்து 'செட்டிநாடு ஸ்டைல்' என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். தெருமுகப்பில் தொடர்ச்சியான நிழல் நடைபாதை இத்தனை அடி அகலம், உள்ளே காற்று வர வானம் திறந்த முற்றம், சரக்கு வண்டிகள் பின்புறமாக வந்து போக வழி, கடைப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மழைநீர் போகும் கோடு என்று நடப்புக்கு உரியதை அளவோடு எழுதினால், ஊரின் குணம் தானே வந்துவிடும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடம் 18.30 மீட்டர் வரை போகலாம். அது சட்டம் தரும் மேல் எல்லை. நிலத்தின் உரிமையாளர் என்ற முறையில் மாநகராட்சி அதற்குக் குறைவாகக் கேட்கத் தடையில்லை. தெருமுனையில் நின்றால் கோபுரம் தெரிய வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேட்பது வருகிறது. அமெரிக்க நகரங்களில் இது பழகிய வழி. முதலில் ஆர்எஃப்கியூ எனப்படும் தகுதி கோரும் அறிவிப்பு. அதில் விலையே கேட்கமாட்டார்கள். இதற்கு முன் என்ன கட்டினீர்கள், பணம் எங்கிருந்து வரும், யார் யார் கூட்டு என்பதை மட்டும் பார்த்துச் சிலரை வடிகட்டுவார்கள். பிறகு ஆர்எஃப்பி எனப்படும் திட்ட முன்மொழிவு கோரும் அறிவிப்பு அந்தச் சிலருக்கு மட்டும் போகும். தேர்வானவரோடு குறிப்பிட்ட சில மாதங்களுக்குத் தனிப் பேச்சுவார்த்தை நடத்த உடன்பாடு போடுவார்கள். அந்தக் காலத்துக்குள் முடிவுக்கு வராவிட்டால் நகரம் அடுத்தவரிடம் போகலாம். நம் ஊரில் விருப்ப வெளிப்பாடு, பிறகு ஒப்பந்தப்புள்ளி என்று ஏறக்குறைய இதே இரண்டு படிதான். ஆனால் பேச்சுவார்த்தைப் படி மட்டும் நமக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. இங்கே தணிக்கையும் நீதிமன்றமும், உறை பிரித்த பிறகு நடக்கும் எந்தப் பேச்சையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஆகையால் அங்கே பேசித் தீர்ப்பதை நாம் ஒப்பந்த வரைவாகவே எழுதி அறிவிப்போடு இணைத்துவிட வேண்டும். முன்மொழிபவர் அந்த வரைவை ஏற்றுக்கொண்டுதான் தொகை எழுதுகிறார் என்றால் பின்னால் பேரத்துக்கு இடமில்லை.

காலக்கெடுவைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டுக்குரியது. அதன் 2000ஆம் ஆண்டு விதிகள் 2 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் குறைந்தபட்ச அவகாசமாகச் சொல்கின்றன. சாலை போடுவதற்கும் விளக்கு வாங்குவதற்கும் அது சரி. மண் சோதனை செய்து, சந்தையை ஆராய்ந்து, வங்கியிடம் வாய்மொழியாகவாவது உறுதி வாங்கி, கட்டட வரைபடத்தோடு வர வேண்டிய திட்டத்துக்கு 30 நாள் கொடுத்தால், முன்கூட்டியே தகவல் தெரிந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள். ஒரே ஓர் உறை வந்ததென்றால், பெரும்பாலும் இந்தக் காலக்கெடுவில்தான் காரணம் இருக்கும். மூன்று மாதம் கொடுங்கள். இடையில், கேட்க வருபவர்களின் சந்தேகங்களைத் தீர்க்க முன்கூட்டம் வைத்து, எழுத்தில் வந்த ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் சொல்லி, அந்தப் பதிலை ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

இதற்கு நடுவில், அறிவிப்பே இல்லாமல் ஒருவர் அழகான படங்களோடு அலுவலகத்துக்கு வந்து, "நானே எல்லாம் செய்து தருகிறேன்" என்று சொல்வதும் உண்டு. அந்தத் திட்டத்தை வெளியிட்டு, இதைவிட நல்லதாகத் தருகிறவர் உண்டா என்று கேட்டு, முதலில் வந்தவருக்கு அந்தத் தொகைக்கு ஈடுகொடுக்க ஒரு வாய்ப்புத் தருவதை ஸ்விஸ் சேலஞ்ச் என்பார்கள். மகாராஷ்டிர வீட்டுவசதி அமைப்பு சம்பந்தப்பட்ட 2009ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையை ஏற்றது. ஆனால் தனியார் பங்கேற்புத் திட்டங்களை ஆராய்ந்த கேல்கர் குழு 2015இல், இப்படித் தாமாக வரும் முன்மொழிவுகளை ஊக்குவிக்க வேண்டாம் என்றுதான் சொன்னது. நான் கேல்கர் பக்கம். முதலில் வந்தவர் ஓராண்டு உள்ளே இருந்து பார்த்ததை மற்றவர் சில வாரங்களில் பிடிக்க முடியாது.

இனி எடைபோடுவது. தகுதி உறை, தொழில்நுட்ப உறை, விலை உறை என்று பிரித்து, முன்னதில் தேறியவரின் அடுத்த உறையை மட்டும் பிரிப்பது வழக்கம். தகுதியில் கவனிக்க வேண்டியது ஒன்றைச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஆண்டு வரவு செலவுத் தொகையைவிட, இதே அளவு வளாகத்தைக் கட்டி ஐந்தாண்டாவது நடத்திய அனுபவம் முக்கியம். கட்டுபவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். பத்தாவது ஆண்டில் லிஃப்ட் ஓடும்படியும் கழிப்பறை நாறாதபடியும் வைத்திருப்பவர்கள்தான் குறைவு. தொழில்நுட்ப மதிப்பெண்ணில், படத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். அந்தப் படங்களில் நடப்பட்ட மரத்துக்கு நட்ட அன்றே இருபது வயது ஆகியிருக்கும்; டூவீலர் ஒன்றுகூடத் தென்படாது. சரக்கு லாரி எந்த வாசலில் நுழைந்து எங்கே திரும்பும் என்று தரைத்தள வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தால், வரைந்தவர் இடத்தை நேரில் பார்த்தாரா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

விலைதான் சற்று நின்று பேச வேண்டிய இடம். செட்டிநாட்டில் வட்டியைப் பற்றி விளக்குவது மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதுதான் என்றாலும், மாநகராட்சி மன்றங்களில் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார்கள். விளக்கத்துக்காக இரண்டு கேட்புகளை வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே 8 கோடி ரூபாய் கொடுத்து, பிறகு 30 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் தருகிறார். இரண்டாமவர் தொடக்கத்தில் ஒன்றும் தராமல், கட்டுமானம் முடியும் 4 ஆண்டுகளைக் கழித்துவிட்டு, ஐந்தாம் ஆண்டிலிருந்து முப்பதாம் ஆண்டு வரை ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி தருகிறார். கூட்டிப் பார்த்தால் முதலாமவர் தருவது 20 கோடி, இரண்டாமவர் தருவது 39 கோடி. மேடையில் சொன்னால் இரண்டாமவருக்குத்தான் கைதட்டு விழும். ஆனால் அடுத்த ஆண்டு வரும் ரூபாய் இன்றைய ரூபாய் ஆகாது. ஆண்டுக்கு 10 சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், முதலாமவருடையது ஏறத்தாழ 11.77 கோடி, இரண்டாமவருடையது 9.39 கோடி, முதலாமவர் வெல்கிறார். அதே கணக்கை 6 சதவீதத்தில் போட்டால் முதலாமவருக்கு 13.51 கோடியும் இரண்டாமவருக்கு 15.45 கோடியும் வரும், இரண்டாமவர் வெல்கிறார். 7க்கும் 8க்கும் இடையில் எங்கோ தராசு மறுபக்கம் சாய்கிறது.

இதன் பொருள் என்ன? ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிப்பது என்ற இந்தக் கழிவு விகிதத்தை உறை பிரித்த பிறகு முடிவு செய்கிறவர், விகிதத்தை முடிவு செய்யவில்லை, வெற்றியாளரையே முடிவு செய்கிறார். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அதை நிரூபிக்க அவருக்கு வழியில்லை. ரங்கூனில் தொழில் செய்த செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். விகிதம் முதலில், கணக்கு பிறகு. விகிதம் எவ்வளவு, வாடகை ஆண்டுத் தொடக்கத்தில் கணக்காகுமா முடிவிலா, வாடகை ஏற்றம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதெல்லாம் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இன்னும் எளிய வழியும் உண்டு. ஏற்றத்தையும் காலத்தையும் மாநகராட்சியே நிர்ணயித்துவிட்டு, ஓர் எண்ணை மட்டும் நிரப்பச் சொல்லலாம். முதல் ஆண்டு வாடகை மட்டும், அல்லது முன்பணம் மட்டும். நான் கேட்கப்பட்டபோதெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒற்றை எண்ணில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

தொழில்நுட்பத்துக்கும் விலைக்கும் உள்ள விகிதாசாரமும் இதே வகைதான். தொழில்நுட்பத்தில் 90 வாங்கியவர் விலையில் 80, தொழில்நுட்பத்தில் 70 வாங்கியவர் விலையில் 100 என்று வைத்தால், தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30 என்ற எடையில் முன்னவர் 87க்கு 79 என்று வெல்வார். 30க்கு 70 என்று திருப்பினால் பின்னவர் 91க்கு 83 என்று வெல்வார். இதில் எது சரி என்பது ஊர் எடுக்க வேண்டிய முடிவு. கடைக்காரர் பட்டியலும் நடைபாதை அளவும் ஏற்கெனவே நிபந்தனையாகிவிட்டால், தொழில்நுட்பத்துக்கு அதிக எடை கொடுத்து மதிப்பீட்டுக் குழுவின் ரசனைக்கு வாசலைத் திறந்துவிட வேண்டிய தேவை இராது என்பது என் எண்ணம்.

அதிகம் எழுதியவர் அந்தத் தொகையை எப்படிச் செலுத்துவார் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்த வட்டிக்கடையிலிருந்து ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) வந்தால், ஊரிலிருக்கும் முதலாளி இலாப வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கமாட்டார். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, அவை திரும்புமா என்றுதான் பார்ப்பார். அதே கண்ணோடு விலை உறையோடு வரும் வரவு செலவு முன்கணிப்பைப் படியுங்கள். முதல் ஆண்டிலேயே எல்லாக் கடையும் நிரம்பிவிடும், மாடிக்கும் தரைத்தளத்து வாடகையே கிடைக்கும் என்று எழுதியிருந்தால் அந்தக் கேட்பு நிற்காது. நம் கடைத்தெருக்களில் மாடி ஏறி வாங்கும் வழக்கம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். தரைத்தளத்தைப் பார்த்து எழுதிய தொகைக்கு மாடி பதில் சொல்ல முடியாமல் போனால், ஐந்தாம் ஆண்டில் நிறுவனம் வாடகைக் குறைப்புக் கேட்டு மனுவோடு நிற்கும். நடைபாதையை மறித்துக் கடை போட்டும் அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்கும்.

பெரிய நிறுவனத்தின் பெயரே போதும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் நியூ லண்டன் நகரத்தைச் சொல்வேன். ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தை ஒட்டிய பகுதியை மறுசீரமைக்க நகரம் வீடுகளைக் கட்டாயமாக எடுத்தது. சுசெட் கீலோ என்பவர் தொடுத்த வழக்கில் 2005 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2009இல் ஃபைசர் அந்த ஊரைவிட்டுப் போகப்போவதாக அறிவித்தது. இடித்த இடம் ஆண்டுக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. சட்டத்தில் நகரம் வென்றிருந்தது. ஆனால் கட்டப் பணம் உறுதியாகும் முன் இடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே இருக்கவில்லை.

அந்தக் கட்டுப்பாடுதான் ஒப்பந்த வரைவின் உயிர். வங்கிக் கடன் உறுதியாகி, வேலையை ஒழுங்காகச் செய்வதற்குப் பிணையான செயல்பாட்டு வங்கி உத்தரவாதம் கைக்கு வந்து, தற்காலிகக் கடைகள் திறக்கும் வரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. நிறுவனம் அடமானம் வைக்கலாம், ஆனால் தன் குத்தகை உரிமையை மட்டும். நிலத்தை வைக்க முடியாது. கடைகளை உள்குத்தகைக்கு விடலாம், ஆனால் மூல ஒப்பந்தத்தின் கடைசி நாளுக்கு அப்பால் அது நீளக் கூடாது. இதை எழுதாமல் விட்டால், நிறுவனம் கடைக்குப் பெரிய முன்பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். முப்பதாம் ஆண்டு முடிவில் மாநகராட்சிக்குத் திரும்புவது கட்டடமாக இருக்காது, 'நான் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினேனே' என்று பத்திரத்தோடு நிற்கும் நூறு பேராக இருக்கும். எந்தத் தவணையில் எந்தத் தளம் முடிய வேண்டும், முடியாவிட்டால் நாளுக்கு எவ்வளவு அபராதம், எத்தனை நாளுக்குப் பிறகு இடம் திரும்பும் என்பவையும் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக் குழுவில் நகரமைப்பு, பொறியியல், நிதி ஆகிய துறையினரோடு மாநகராட்சிக்கு வெளியிலிருந்தும் ஒருவராவது இருப்பது நல்லது. ஆவணத்தை எழுதிக் கொடுத்த ஆலோசகரோ அவரோடு தொடர்புடைய நிறுவனமோ கேட்பில் கலந்துகொள்ளக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியே போட்ட மதிப்பெண் தாள், அடித்தல் திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, கோப்பில் இருக்க வேண்டும். கூடிப் பேசி ஒரே தாளில் போட்ட மதிப்பெண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. முடிவு மாமன்றத் தீர்மானமாக வரும்போது, வென்றவர் பெயரோடு, தோற்றவர்கள் எதில் தோற்றார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஊர்க்காரராகிய நீங்கள் இதில் எங்கே நுழைய முடியும் என்றால், இரண்டு இடங்கள். முடிவான பிறகு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பெண் தாளையும் ஒப்பந்தத்தையும் கேட்கலாம். நடவடிக்கை நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால் வணிக இரகசியம் என்ற விலக்கைக் காட்டி மறுப்பார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அதற்கு முந்திய வாய்ப்பே பெரியது. அறிவிப்பு வெளியான அன்றே ஆவணத்தை எடுத்து மூன்று இடங்களைப் புரட்டுங்கள்: நில வரைபடத்தில் சர்வே எண்கள், விலைப் படிவத்தில் கழிவு விகிதம், கடைசி இணைப்பில் கடைக்காரர் பட்டியல். பட்டியல் இல்லையென்றால் முன்கூட்டத் தேதிக்கு முன்பே ஆணையருக்கு எழுத்தில் கேட்டு, கடிதம் பெற்றதற்கு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் வெளியிட மாநகராட்சிக்கு வழி திறந்திருப்பது உறை போடும் கடைசி நாள் வரைதான்.